கார் ஹீட்டர் கோர் ஒழுகினால் வீட்டிலேயே மாற்றுவது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்கள் கேட்ட கேள்விகள்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில் வைத்து எங்கள் 2012 மாடல் டீசல் காரின் ஹீட்டர் கோரை நானும் என் மச்சானும் மாற்றினோம். மூன்று நாள் பிடித்தது. அதன் பிறகு சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள், பாண்டியில் இருக்கும் நண்பர்கள் என்று பலர் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இந்த வேலையின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் என் கையால் கழற்றியிருக்கிறேன்.

ஹீட்டர் கோர் என்பது என்ன? எங்கே இருக்கிறது?

வண்டிக்கு முன்னால் இருக்கும் ரேடியேட்டரின் குட்டித் தம்பி அது. ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். மெல்லிய குழாய்களும் அவற்றுக்கு இடையே மடிப்பு மடிப்பான தகடுகளும் கொண்டது. டேஷ்போர்டுக்கு உள்ளே, ஏசி கூலிங் காயில் இருக்கும் அதே பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். எஞ்சினிலிருந்து சூடான கூலண்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்க ஓடும் திரவம்) ஒரு ஹோஸ் வழியாக உள்ளே வந்து இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பிப் போகும். எஞ்சின் அறைக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ரப்பர் ஹோஸ் நுழைவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அதன் வாசல். மெக்கானிக்குகள் சிலர் ஹீட்டர் காயில் என்பார்கள், சிலர் ஹீட்டர் ரேடியேட்டர் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

நம்ம ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? போடாத சாமான் எப்படிக் கெடும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நாம் ஹீட்டரைப் போடவில்லை என்றாலும் பெரும்பாலான வண்டிகளில் கூலண்ட் அதற்குள் எந்நேரமும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே இருக்கும் ஒரு மடல் திறந்தால் காற்று கோர் மேல் பட்டுச் சூடாக வரும், மூடினால் வராது. அவ்வளவுதான் வித்தியாசம். சில வண்டிகளில் கூலண்டையே அடைக்கும் வால்வு உண்டு. அங்கே நிலைமை இன்னும் மோசம். வருஷக்கணக்கில் ஒரே தண்ணீர் தேங்கி நின்று உள்ளிருந்தே அரிக்கும்.

அரிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நாம் ஊற்றிய தண்ணீர். ரேடியேட்டரில் குறைந்திருக்கிறது என்று பெட்ரோல் பங்க் குழாயிலோ வீட்டு போரிலோ ஒரு பாட்டில் பிடித்து ஊற்றுகிறோம். முதுநகர் பக்கமும் புதுச்சேரி கடலோரத்திலும் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கும் இடங்கள் உண்டு. அந்த உப்பில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை ஊசி குத்தியது மாதிரி புள்ளி புள்ளியாகத் தின்னும். ஹீட்டர் கோரின் குழாய்ச் சுவர் மிக மெல்லியது, அதனால் முதலில் அதுதான் விட்டுக்கொடுக்கும். எங்கள் பழைய கோரை நான் ஹேக்ஸா பிளேடால் அறுத்துப் பார்த்தேன். பாதிக் குழாய்களில் வெந்நீர்ப் பானையின் அடியில் படியுமே, அதே மாதிரி வெள்ளைப் பொருக்கு. ஒழுகிய குழாயில் கடுகில் பாதி அளவு ஓட்டை.

முன் சீட்டுக்குக் கீழே கால்மிதி நனைந்திருக்கிறது. ஹீட்டர் கோர்தானா?

அவசரப்படாதீர்கள். நம் பக்கத்தில் பத்து பேர் இப்படிச் சொன்னால் அநேகமாக அது ஏசி தண்ணீராகத்தான் இருக்கும் என்பது என் அனுபவம். இங்கே காற்றில் ஈரம் அதிகம். கூலிங் காயிலில் அந்த ஈரம் தண்ணீராகக் கொட்டும். அது வெளியே போகிற சின்ன ரப்பர் குழாயில் தூசியோ குளவிக்கூடோ அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பிவிடும்.

ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை அந்த ஈரத்தில் அழுத்தி எடுங்கள். நிறம் இல்லை, மணம் இல்லை, விரலில் தேய்த்தால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்றால் ஏசி தண்ணீர். பச்சை, ரோஸ், நீலம் என்று சாயம் ஏறுகிறது, விரலில் சோப்பு போல வழுக்குகிறது, காயாமல் பிசுபிசுக்கிறது என்றால் கூலண்ட். கூலண்டுக்கு ஒரு தித்திப்பான மணம் உண்டு. வெல்லப்பாகு லேசாகத் தீய்ந்த மாதிரி இருக்கும். ஆனால் நாக்கில் வைத்து மட்டும் பார்க்காதீர்கள், அது விஷம்.

அடுத்த அடையாளம் கண்ணாடி. ஒரு ஐப்பசி இரவு, பாண்டியிலிருந்து முள்ளோடை தாண்டி வரும்போது எங்கள் வண்டியின் முன் கண்ணாடி உட்பக்கம் புகை பிடித்தது போல மங்கியது. துண்டால் துடைத்தேன். துடைத்த இடத்தில் எதிரே வரும் லாரி வெளிச்சம் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போல விரிந்தது. சாதாரண மூடுபனி துடைத்தால் போய்விடும். கூலண்ட் ஆவி துடைத்தாலும் பிசுக்காக இழுபடும். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஏசி குழாய் அடைப்பு என்று காற்றடித்துக் காசு வாங்கி அனுப்பியிருந்தார்கள். யாரும் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

மூன்றாவது, கூலண்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வரும், ஆனால் வண்டிக்குக் கீழே தரையில் ஒரு சொட்டு இருக்காது.

ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் வண்டி நின்றது. அதிலிருந்துதான் இந்த ஈரமோ?

இருக்கலாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. கார்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்தால் மாதக்கணக்கில் விடாது. வெள்ள ஈரமாக இருந்தால் சேற்று வாசனையும் பூஞ்சை வாசனையும் வரும், நான்கு பக்கமும் நனைந்திருக்கும், கூலண்ட் அளவு குறையாது. ஹீட்டர் கோர் ஈரம் முன்பக்கம், நடுவில் உயர்ந்திருக்கும் பகுதிக்கு இரு புறமும்தான் தொடங்கும்.

பிரிப்பதற்கு முன் நூறு சதவீதம் உறுதி செய்ய வழி உண்டா?

உண்டு, இரண்டு வழி. உறுதி செய்யாமல் டேஷ்போர்டில் கை வைக்கவே கூடாது.

ஒன்று பிரஷர் டெஸ்ட். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மீட்டர் வைத்த கைப்பம்பைப் பொருத்தி, மூடியின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். பல கார்களில் 0.9 அல்லது 1.1 பார் என்று போட்டிருக்கும். அதைத் தாண்டி ஏற்றினால் நல்ல பாகமும் உடையும். பதினைந்து நிமிடத்தில் முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை, உள்ளே கால்மிதி ஈரமாகிறது என்றால் வேறு சந்தேகம் வேண்டாம். தெரிந்த ரேடியேட்டர் கடையில் கேட்டால் இந்தச் சோதனையைச் செய்து தருவார்கள்.

இரண்டாவது, லூப். ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று இணைத்து, கோரைக் கூலண்ட் ஓடும் வழியிலிருந்து விலக்கிவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். கூலண்ட் அளவு நின்ற இடத்தில் நின்றால் திருடன் பிடிபட்டான். அப்போதும் குறைகிறது என்றால் வேறு இடம் தேட வேண்டும். சைலன்ஸரில் வெள்ளைப் புகை, ரேடியேட்டரில் குமிழி இருந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) பிரச்சினை. அது வேறு கதை.

அப்படியே லூப் போட்டு ஓட்டிவிட்டால் என்ன? மாற்றத்தான் வேண்டுமா?

நேர்மையாகச் சொன்னால், கடலூரிலும் பாண்டியிலும் மட்டும் ஓடுகிற வண்டிக்கு லூப் ஒரு மோசமான முடிவே இல்லை. பணம் சேரும்வரை, மழைக்காலம் முடியும்வரை தாராளமாக ஓட்டலாம். ஆனால் சிலதைக் கவனிக்க வேண்டும்.

ஹோஸ் இரண்டையும் இணைக்க வேண்டுமே தவிர, ஆளுக்கொரு போல்ட்டைச் சொருகி அடைக்கக் கூடாது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைக்கும் வால்வு) மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றி வருவதே அந்த வழியில்தான். அடைத்தால் எஞ்சின் ஓரிடத்தில் கொதிக்கும். இணைக்கும் துண்டு கூலண்டுக்கென்று விற்கும் ஹீட்டர் ஹோஸாக இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் ஹோஸ் 90 டிகிரி சூட்டில் அல்வா மாதிரி இளகிப் பிய்ந்துவிடும். பிய்ந்தால் சில நிமிடங்களில் கூலண்ட் முழுக்க வெளியே, எஞ்சின் காலி.

ஹீட்டர் இல்லாமல் போவதில் இரண்டு நஷ்டம். ஏற்காடு, ஊட்டி போகும்போது விடியற்காலையில் கண்ணாடி மூடுபனியை ஏசியும் ஹீட்டரும் சேர்ந்துதான் விரைவாக விரட்டும். ஏசி காற்றை உலர்த்தும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். இன்னொன்று, சித்திரை வெயிலில் ஈசிஆர் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறினால், ஏசியை நிறுத்தி, ஜன்னலை இறக்கி, ஹீட்டரை முழுதாக வைத்தால் எஞ்சின் சூட்டில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்ளும். வியர்த்து ஊற்றும்தான், ஆனால் ஓரமாக நிறுத்த இடம் கிடைக்கும்வரை எஞ்சினைக் காப்பாற்றும். லூப் போட்டால் அந்தக் கடைசி ஆயுதம் கையில் இல்லை.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்கிறார்களே?

எங்கள் பெரியப்பா லாரி ஓட்டிய காலத்தில் அதைத்தான் செய்தார். பெரிய பித்தளை ரேடியேட்டர், நடுக்காட்டில் ஒழுகுகிறது, ஊர் போய்ச் சேர வேண்டும் என்ற நிலைமைக்கு அது உதவியிருக்கிறது. இன்றைய ஹீட்டர் கோரின் குழாய்கள் குறுகலானவை. மஞ்சள் தூளோ, டப்பாவில் விற்கும் அடைப்பு மருந்தோ ஓட்டையை அடைப்பதற்கு முன் நல்ல குழாய்களை அடைக்கும். பிறகு ரேடியேட்டரிலும் போய்ப் படியும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு பாகம் மாற்றியவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து போடாதீர்கள்.

ஒழுகிக்கொண்டே கொஞ்ச நாள் ஓட்டலாமா?

வேண்டாம். அந்த ஆவியைத்தான் நீங்களும் பின் சீட்டில் குழந்தைகளும் சுவாசிக்கிறீர்கள். கண் எரியும், தொண்டை கரகரக்கும். இரவில் கண்ணாடி மங்குவது நேரடி ஆபத்து. கோர் முழுக்க வெடித்தால் கொதிக்கிற கூலண்ட் காலில் கொட்டும். இன்றைக்கே லூப் போடுங்கள், மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம்.

இதை வீட்டில் செய்ய முடியுமா? யார் தொடக்கூடாது?

வண்டியைப் பொறுத்தது. சில வண்டிகளில் கிளவ் பாக்ஸையோ ஆக்ஸிலேட்டர் பக்கத்து மூடியையோ எடுத்தாலே கோர் பக்கவாட்டில் உருவி வந்துவிடும். அரை நாள் வேலை. பல வண்டிகளில் முழு டேஷ்போர்டையும் இறக்கினால்தான் பெட்டியே தெரியும். எங்களுடையது இரண்டாவது வகை. உங்கள் மாடலுக்கு எது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வார்.

ஏர்பேக் இருக்கும் வண்டி என்றால் ஒரு படி நிதானம் வேண்டும். 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். 2022 தொடக்கத்திலிருந்து முன் பயணிக்கும் கட்டாயம். ஆகவே புது வண்டி என்றால் டேஷ்போர்டில் நிச்சயம் இருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன நேரம்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் புத்தகத்தில் குறைவாகத்தான் போட்டிருந்தது, நாங்கள் அரைமணி நேரம் விட்டோம். மஞ்சள் நிற ஒயர், மஞ்சள் கனெக்டர் என்றால் ஏர்பேக் என்று அர்த்தம். அதில் மல்டிமீட்டர் வைக்காதீர்கள், டெஸ்ட் லேம்ப் வைக்காதீர்கள். கழற்றிய ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்கும்படி தனியாக வையுங்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்கினால், அந்த ஒரு பகுதிக்கு மட்டும் தெரிந்த மெக்கானிக்கை வரவழையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஏசி கேஸ் எடுக்காமல் முடியுமா?

பெட்டியை முழுசாக வெளியே எடுக்க வேண்டிய வண்டியில் முடியாது. ஏசி பைப் இரண்டும் அதே பெட்டிக்குத்தான் போகிறது. வீட்டில் அந்த நட்டைத் தளர்த்திக் கேஸைக் காற்றில் விடாதீர்கள். ஆர்-134ஏ கேஸ் திடீரென்று விரியும்போது தோலை உறைய வைத்துப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பூமிக்கும் கெடுதல். ஏசி கடையில் மெஷின் வைத்துக் கேஸை உறிஞ்சி எடுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள், வேலை முடிந்ததும் அங்கேயே போய் வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு) நிரப்பிக்கொள்ளுங்கள். பைப் கழன்ற நிமிடமே இரண்டு வாயையும் பாலித்தீன் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு மூட வேண்டும். நம் ஊர்க் காற்றின் ஈரம் உள்ளே போனால் ஏசிக்கு ஆகாது.

எந்த மாதத்தில் செய்யலாம்? என்னென்ன வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகையில் திறந்த வாசலில் தொடங்காதீர்கள். தை முடிந்து பங்குனிக்குள் நல்ல காலம். வெயிலும் கடுக்காது, கார்பெட்டும் காயும்.

10, 12, 14 சாக்கெட்டும் நீள எக்ஸ்டென்ஷனும் இருந்தால் முக்கால்வாசி வேலை ஆகும். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் குட்டையும் நெட்டையுமாக இரண்டு, ஹோஸ் கிளிப்பை அழுத்தும் பிளையர், கூலண்ட் பிடிக்க அகலமான பிளாஸ்டிக் டப், நெற்றியில் கட்டும் டார்ச். பிளாஸ்டிக் கிளிப்புகளை நெம்ப இரும்பு ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் பட்டை வாங்குங்கள். பழைய வண்டியின் கிளிப்புகள் வெயிலில் முறுக்காகிக் கிடக்கும், தொட்டால் நொறுங்கும். பத்துப் பதினைந்து புதுக் கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்தால் நல்லது.

ஸ்க்ரூக்களை வைக்க என் மனைவி கொடுத்த யோசனை பழைய இட்லித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒரு இடத்து ஸ்க்ரூ, குழிக்குப் பக்கத்தில் மாஸ்கிங் டேப்பில் பெயர். மூன்றாம் நாள் திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூகூட மிச்சமில்லை, ஒன்றுகூடக் குறையவுமில்லை.

கழற்றும் வரிசை எப்படி?

சக்கரம் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்தி ஸ்டியரிங்கைப் பூட்டுங்கள். ஸ்டியரிங் கழற்ற வேண்டிய வண்டியில் அது திரும்பிவிட்டால் உள்ளே இருக்கும் சுருள் ஒயர் அறுந்துபோகும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கூலண்டை டப்பில் வடியுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகம் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தத் தவறு மட்டும் வேண்டாம்.

பிறகு கியர் பக்கத்துக் கன்ஸோல், கிளவ் பாக்ஸ், ரேடியோ, மீட்டர், ஸ்டியரிங்குக்குக் கீழ் மூடி என்று வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றுமுன் போனில் ஒரு படம். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. ஹீட்டர் குமிழிலிருந்து போகும் கேபிள் வைத்த வண்டி என்றால், கேபிள் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் திரும்பப் பூட்டிய பிறகு குளிர் என்று வைத்தாலும் லேசாகச் சூடு வரும்.

டேஷ்போர்டு இழுத்து வரவில்லை என்றால் இன்னும் ஒரு ஸ்க்ரூ எங்கோ இருக்கிறது என்று பொருள். பலம் காட்டாதீர்கள். எங்களுக்கு அது கண்ணாடி ஓரத்துத் தூணின் உறைக்குள் இருந்தது, ஒரு மணி நேரம் தேடினோம். கடைசியில் இரண்டு பேர் இரண்டு கதவு வழியாகப் பிடித்து இறக்க வேண்டும். தனி ஆளாக முயலாதீர்கள்.

கோரிலிருந்து ஹோஸ் கழன்று வரவே இல்லை. இழுக்கலாமா?

கூடாது, இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். லூப் போடும் நாளில் ஹோஸைப் பிடித்து நேராக இழுத்தேன், கோரின் குழாய் கழுத்து வளைந்துவிட்டது. எப்படியும் மாற்றப்போகிற கோர் என்பதால் பிழைத்தேன். பத்து வருஷ ரப்பர் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கிளிப்பைப் பின்னால் தள்ளிவிட்டு, ஹோஸை இடமும் வலமுமாகத் திருகுங்கள். ஒட்டு விட்டால் தானாக வரும். வரவில்லையா, பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி, தோல் உரிப்பது போல உரித்து எடுத்துவிடுங்கள். அந்த ஹோஸுக்கும் அதே வயதுதான், எப்படியும் இரண்டையும் புதிதாகப் போடுவதே நல்லது.

புதுக் கோர் எதைப் பார்த்து வாங்குவது?

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், உயரம், அகலம், தடிமன், குழாயின் விட்டம், வளைவு எல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பழைய பித்தளை, செம்பு கோராக இருந்தால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைத்துத் தருவார்கள், அது நிற்கும். அலுமினியக் கோரில், அதிலும் ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்ததில், ஒட்டு வேலை நிலைக்காது. இவ்வளவு பிரித்த பிறகு ஒட்டுப்போட்ட பாகத்தை உள்ளே வைப்பது சரியில்லை.

பூட்டுமுன் அதைச் சோதியுங்கள். ஒரு வாயை ரப்பர் கார்க்கால் அடைத்து, பக்கெட் தண்ணீரில் முக்கி, இன்னொரு வாயில் சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். குமிழி வந்தால் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகலாம். டேஷ்போர்டு பூட்டிய பிறகு கண்டுபிடித்தால் மறுபடி மூன்று நாள்.

கோரைச் சுற்றி ஒட்டியிருக்கும் பஞ்சுப் பட்டையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பொடிந்திருந்தால் காற்று கோர் வழியாகப் போகாமல் ஓரமாக நழுவும், ஹீட்டர் வேலை செய்யாது. புதுப் பட்டை ஒட்டுங்கள். குழாய் மூட்டில் ஓ-ரிங் இருந்தால் புதிது போட்டு, கூலண்டில் நனைத்துச் செருகுங்கள். கிரீஸ், எஞ்சின் ஆயில் தடவினால் அந்த ரப்பர் ஊதிவிடும்.

கோர் வெளியே இருக்கும்போதே கூலிங் காயிலையும் அதன் வடிகுழாயையும் சுத்தம் செய்யுங்கள். எங்களுடையதில் ஒரு கைப்பிடி வேப்பிலைச் சருகு இருந்தது.

கூலண்டில் எந்தத் தண்ணீர் கலப்பது?

குழாய்த் தண்ணீரும் வேண்டாம், போரும் வேண்டாம், குடிக்கிற கேன் தண்ணீரும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். அடர்கூலண்ட் வாங்கினால் பல வகைகளில் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். கலந்தே விற்பதை வாங்கினால் அப்படியே ஊற்றலாம். பச்சை, ரோஸ் என்ற நிறத்தை நம்பாதீர்கள், வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையை வாங்குங்கள். இரண்டு வகையைக் கலந்தால் சில நேரம் கூழ் போலத் திரிந்து, புதுக் கோரையே அடைக்கும்.

நம் ஊரில் பனியே உறையாதே, கூலண்ட் எதற்கு என்று ஒருவர் கேட்டார். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது மற்ற இரண்டும்: துருவும் அரிப்பும் பிடிக்காமல் காப்பது, கொதிநிலையை உயர்த்துவது. வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியில் இரண்டும் கிடையாது. புது கூலண்ட் ஊற்றுமுன் பழையதை முழுக்க அலசி எடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினாலும் கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டராக இருக்கட்டும். குழாயை வேகமாகத் திறந்து புதுக் கோருக்குள் பாய்ச்சாதீர்கள்.

நிரப்பிய பிறகு ஹீட்டர் குளிர்ச்சியாகவே வருகிறது, டேஷ்போர்டுக்குள் களக் களக் என்று சத்தம். ஏன்?

உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. வண்டியின் மூக்கு உயரும்படி சரிவான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக நிரப்புங்கள். காற்று விடும் ஸ்க்ரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலண்ட் வரும்வரை விடுங்கள். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், அப்போது நிரப்புங்கள். மேலே பொங்கி வரத் தொடங்கினால் மூடிவிட வேண்டும். ரேடியேட்டர் மின்விசிறி இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை பொறுத்திருந்து, நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு மறுபடி அளவு பாருங்கள். டேஷ்போர்டை முழுசாகப் பூட்டுமுன் இதைச் செய்தால் மூட்டுகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். எங்களுக்கு ஒரு கிளிப்பில் சொட்டியது, இரண்டு சுற்று முடுக்கினோம், நின்றது. ஏர்பேக் கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைப் போட்டால் கோளாறு பதிவாகி எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த வகை வண்டியில் எஞ்சினை ஓட்டாமல், கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி மூட்டுகளைப் பாருங்கள்.

கோரை மாற்றியும் ஒரு வருஷத்தில் மறுபடி ஒழுகியது. மட்டமான பாகமா?

அப்படியும் இருக்கலாம். ஆனால் எர்த் ஒயரைப் பாருங்கள். கடல் காற்றில் பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் பட்டை பச்சைப் பூத்து, உள்ளுக்குள் இற்றுப்போகும். அப்போது மின்சாரம் கூலண்ட் வழியாக வழி தேடும், கோரின் அலுமினியம் கரையும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலண்டுக்குள் நனையுங்கள். லைட், ஏசி விசிறி எல்லாம் போட்டுப் பார்க்கும்போது 0.3 வோல்ட்டைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டியதுதான். பட்டையை மாற்றுங்கள், அது பூட்டும் இடத்தை மணல்தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குங்கள்.

கார்பெட்டைத் துடைத்தால் போதுமா?

போதாது. கூலண்ட் தண்ணீர் மாதிரி சீக்கிரம் ஆவியாகிப் போகாது, கீழே உள்ள பஞ்சில் அப்படியே இருக்கும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டையும் பஞ்சையும் எடுத்து, தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டு எடுங்கள். கண்ணாடியின் உட்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை துடையுங்கள்.

வடித்த பழைய கூலண்டை எங்கே ஊற்றுவது?

சாக்கடையிலும் வேண்டாம், தென்னை மரத்தடியிலும் வேண்டாம். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் தித்திப்பாக இருக்கும், தெரு நாயும் மாடும் நக்கிக் குடிக்கும். சில ஸ்பூன் போதும், நாயின் சிறுநீரகம் போய்விடும். வடிக்கும்போதே டப்பைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே விஷம் என்று எழுதி, பழைய ஆயில், கூலண்ட் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தரையில் சிந்தியதை மணல் போட்டு அள்ளி, அந்த இடத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். எங்கள் தெருவில் காலையில் மாடுகள் சுற்றும், அதனால் நாங்கள் இரவோடு இரவாகக் கழுவினோம்.

சரியாகிவிட்டது என்று எப்போது நம்புவது?

கூலண்ட் டப்பாவில் அளவுக்கு நேரே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தினமும் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். முதல் சில நாளில் மீதிக் காற்று வெளியேறி ஒரு விரல் அளவு குறையலாம், நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு கோடு அசையக் கூடாது. கால்மிதிக்குக் கீழே ஒரு வெள்ளை டிஷ்யூவை மடித்து வைத்து வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நாங்கள் ஒரு மாதம் அப்படிப் பார்த்துவிட்டு ஏற்காடு போனோம். மேலே போனதும் விடியற்காலை ஐந்து மணிக்கு ஹீட்டரைப் போட்டேன். சூடான காற்று வந்தது, கண்ணாடி இரண்டு நிமிடத்தில் தெளிந்தது, டிஷ்யூ அப்படியே காய்ந்திருந்தது.